பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டால்...

நமது நாட்டில் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு பிள்ளையை இன்னொரு குடும்பம் சட்டப்படி தன் பிள்ளையாக ஏற்பது பற்றிய சட்டம் அது. அதில் பலர் கவனிக்காத ஒரு சிறு விதி இருக்கிறது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால், அந்தப் பிள்ளையின் சம்மதத்தையும் நீதிமன்றம் பெற வேண்டும். பெற்றவர் சம்மதித்தாலும் வளர்க்கப்போகிறவர் சம்மதித்தாலும் அது மட்டும் போதாது. சிறுவர் உரிமை என்ற சொல்லே நம்மிடையே புழங்காத காலத்தில், வெள்ளைக்காரர் ஆட்சியில் எழுதப்பட்ட விதி இது.

அதே பத்து வயதுப் பிள்ளையைப் பாடசாலை மாற்றும்போது யார் கேட்கிறார்கள்? ஊரை விட்டுக் கொழும்புக்கு வரும்போதும், கொழும்பை விட்டு வெளிநாடு போகும்போதும், தோட்டத்திலிருந்து வேலைக்கு அனுப்பும்போதும் கேட்பவர் யார்? "பெரியாக்கள் கதைக்கிற இடத்தில உனக்கென்ன வேலை, உள்ளுக்குப் போய்ப் படி" என்பதுதான் பெரும்பாலான நம் வீடுகளில் பிள்ளைக்குக் கிடைக்கும் பதில். கதைக்கப்படுவது அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றி என்பது கதைக்கிறவர்களுக்கும் தெரியும்.

ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் 1991 யூலையில் இலங்கையும் சேர்ந்துகொண்டது. மறு ஆண்டில் இலங்கைக்கென ஒரு சிறுவர் பட்டயமும் வந்தது. சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரைதான் நமது இன்றைய விடயம். சொந்தமாக ஒரு கருத்தை உருவாக்கக்கூடிய எந்தப் பிள்ளைக்கும், தன்னைப் பாதிக்கும் எல்லா விடயங்களிலும் அக்கருத்தைத் தாராளமாக வெளியிடும் உரிமை உண்டு என்றும், பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. பிள்ளை சொன்னபடியே செய்ய வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. கேள், நிறுத்துப் பார், பிறகு முடிவெடு என்பதே அதன் சாரம். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் "பிள்ளைகளைத் தலையில் ஏற்றுகிறார்கள்" என்று குறைப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கிராம அபிவிருத்தி பற்றிப் பேசும் பக்கங்களில் கொழும்பு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். கிராமத்துப் பிள்ளைகளைப் பற்றிய பல முடிவுகள் போய்ச் சேரும் இடம் கொழும்பு என்பதுதான் காரணம். 1983 க்குப் பின்னரும், சிறப்பாக 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த பின்னரும், எத்தனையோ குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளிலும் அனெக்ஸ்களிலும் வந்து தங்கின. மலையகத்திலிருந்து கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு வந்த சிறுவர்களின் கதை அதைவிடப் பழையது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தோட்டங்களில் பரம்பரையாக வாழ்கிற தொழிலாளர் குடும்பங்கள் இன்னொரு பக்கம்.

முதலில் வேலைக்கு வரும் பிள்ளையைப் பார்ப்போம். தரகர் தோட்டத்துக்கு வருகிறார். நல்ல வீடு, நல்ல சாப்பாடு, மாதம் இவ்வளவு என்கிறார். முற்பணம் கொடுக்கிறார். தாய் அழுகிறாள், தகப்பன் தலையாட்டுகிறான். பிள்ளையிடம் "போறியாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்கப்படுவதும் உண்டு. வீட்டின் கடனும் தம்பி தங்கைகளின் முகமும் கண்முன் நிற்க, பிள்ளை "போறேன்" என்கிறது. பின்னர் ஏதாவது நடந்துவிட்டால் "அதுவே விரும்பித்தான் போனது" என்று எல்லோரும் கை கழுவ அந்த ஒரு சொல் போதுமாகிவிடுகிறது. 2021 யூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்த மலையகத்தைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் மருத்துவமனையில் உயிரிழந்தபோது நாடே கலங்கியது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. கட்டாயக் கல்வி வயதும் 2016 இலிருந்து 16 தான்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளையைக் கேட்பது என்பது பெரியவர்கள் தம் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் இறக்கி வைப்பதல்ல. சட்டம் தடுத்த ஒன்றுக்குப் பிள்ளையின் சம்மதம் அனுமதி ஆகாது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையிடம் "வேலைக்குப் போகிறாயா?" என்று கேட்பதே பிழையான கேள்வி. "பள்ளிக்கூடம் போக முடியாமல் உன்னைத் தடுப்பது என்ன?" என்பதுதான் கேட்க வேண்டியது. பதினாறைத் தாண்டியவர் என்றால் தரகரும் உறவினரும் இல்லாத இடத்தில், நம்பிக்கையான ஒருவர் தனியே கேட்க வேண்டும். போகப்போகும் வீட்டைப் பற்றி என்ன தெரியும், யாருடன் தொலைபேசியில் கதைக்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வர வழி என்ன என்பவற்றையெல்லாம் அவர் அறிந்த பிறகு சொல்லும் "ஆம்" தான் ஆம். சம்பளம் யார் கையில் போகும் என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் அந்தப் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

வெள்ளவத்தையில் கேட்கப்படாத கேள்வி வேறு வகையானது. அங்கே வெளிநாட்டுக்குப் போகக் காத்திருப்பது ஒரு வாழ்க்கை முறையாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. இன்றும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. தகப்பன் ஏற்கனவே கனடாவிலோ சுவிசிலோ இருப்பார். விசா வரும்வரை பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை, பாடசாலையில் கதை பரவிவிடும் என்ற பயம். பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சொல்வார்கள். கூட்டாளிமாருக்குப் போய்வருகிறேன் என்று சொல்லவும் நேரமிருக்காது. ஏற்கனவே ஊரிலிருந்து ஒருமுறை வேரோடு பிடுங்கப்பட்ட பிள்ளை அது. முகம் மறந்துபோன தகப்பனுடன், மொழி தெரியாத நாட்டில், பனிக்குள் போய் இறங்கும்போது அதன் மனதில் என்ன ஓடும் என்று யோசிக்க நமக்கு நேரமில்லை. பதினாறு, பதினேழு வயது மகனை முகவர் மூலம் தனியே அனுப்பும் முடிவு இதைவிடப் பாரமானது. பயணத்துக்குப் பட்ட கடன் முழுவதும் அந்தப் பையனின் தோளில்தான் ஏறுகிறது. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பது அவனுக்குக் கடைசியில்தான் தெரிய வரும்.

போவதா இல்லையா என்பதைப் பிள்ளை தீர்மானிக்க முடியாமலிருக்கலாம். எப்போது போவது, பரீட்சைக்கு முன்னா பின்னா, எதை எடுத்துச் செல்வது, அம்மம்மாவை யார் பார்ப்பது, போகும் முன் யார் யாரைப் பார்த்து வருவது என்பவற்றில் பிள்ளைக்கு நிச்சயம் கருத்து இருக்கும். அந்தச் சிறு முடிவுகளில் இடம் கிடைத்த பிள்ளை பெரிய முடிவைத் தாங்கிக்கொள்ளப் பழகுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் நிலைமையை எளிய சொற்களில் சொல்லலாம். சொல்லாவிட்டால் அது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்து கேட்டு, பாதியை விளங்கி, மீதியைப் பயத்தால் நிரப்பிக்கொள்ளும்.

கேட்காமல் நகர்த்தப்படுவது எப்படியிருக்கும் என்பதை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2007 யூன் 7 ஆந் திகதி அதிகாலையில் இப்பகுதிகளிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜ்களில் தங்கியிருந்த 370 க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றிப் பெரும்பாலானோரை வவுனியாவுக்கு அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்களும் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் அதில் அடக்கம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. "எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்ற ஆற்றாமை அன்று எல்லோர் வாயிலும் இருந்தது. நோக்கத்திலும் அன்பிலும் பெற்றோரின் முடிவு வேறு என்பது உண்மை. ஆனால் கேட்கப்படாதவரின் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றேதான்.

பாடசாலை விடயத்தையும் சற்றுத் தொட்டுச் செல்வோம். தரம் ஐந்து புலமைப் பரிசில் பரீட்சைக்காக ஒன்பது வயதிலேயே பிள்ளையின் விளையாட்டு நின்றுவிடுகிறது. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்பதைப் பெரியப்பாவும் ரியூசன் ஆசிரியரும் லண்டனிலிருக்கும் மாமாவும் தீர்மானிக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறை உயர்தரம் எடுக்கலாம் என்பதால், உயிரியல் பிரிவில் விருப்பமில்லாமல் சேர்ந்து இருபத்தொரு வயதுவரை அதிலேயே உழன்ற பிள்ளைகளை நம்மில் பலருக்குத் தெரியும். வர்த்தகமோ கலையோ படித்திருந்தால் என்னவாகியிருப்பார்களோ, யார் கண்டது?

கொட்டாஞ்சேனையின் தோட்டங்களில் ஒரு வேடிக்கை உண்டு. தாய் தகப்பனுக்குச் சிங்களம் ஓரளவுதான் வரும். பிள்ளைகளோ தெருவிலும் பாடசாலையிலும் பழகி நன்றாகப் பேசுவார்கள். பொலிஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம் என்று எங்கு போனாலும் பன்னிரண்டு வயது மகள்தான் மொழிபெயர்ப்பாளர். தகப்பனின் வருத்தத்தை வைத்தியருக்கும், வைத்தியரின் கண்டிப்பைத் தகப்பனுக்கும் அவள்தான் சொல்ல வேண்டும். குடும்பத்துக்காக அரசாங்கத்துடன் பேச அவளுக்கு வயது போதும். தனக்காகக் குடும்பத்துடன் பேச மட்டும் வயது போதாதாம்!

இந்தத் தோட்டங்களுக்குப் பங்கேற்பு அபிவிருத்தி புதிதல்ல. 1979 அளவில் யுனிசெவ் உதவியுடன் கொழும்பு மாநகர சபை தொடங்கிய சுகாதாரத் திட்டத்தின் கீழ், சேரிகளிலும் தோட்டங்களிலும் சமூக அபிவிருத்திச் சபைகள் அமைக்கப்பட்டன. பொதுக் குழாய், மலசலகூடம், வடிகால் என்பவற்றை மக்களுடன் பேசியே செய்வது என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. 1980 களின் பத்து லட்சம் வீடமைப்புத் திட்டமும் அந்த வழியிலேயே போனது. 2001 இல் வனாத்தமுல்லையில் சகஸ்புர என்ற உயர்ந்த தொடர்மாடி எழுந்தது. 2010 க்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை மட்டக்குளி, முகத்துவாரம், தெமட்டகொடைப் பக்கங்களில் அடுக்கடுக்காய்க் கட்டிய மாடிகளுக்குப் பல ஆயிரம் குடும்பங்கள் மாற்றப்பட்டன. அப்போது பெரியவர்களைக் கேட்பதே அரிதாகிவிட்டது, பிள்ளைகளைக் கேட்பது எங்கே!

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? தோட்டத்தில் வீடு சிறிதானாலும் வாசலில் ஒழுங்கை இருந்தது. தாய் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துக்கொள்வாள். மாடியில் கிடைத்தது 400, 500 சதுர அடி வீடும் ஒரு நீண்ட நடையும். நடையில் பந்தடித்தால் சண்டை. மின்தூக்கி பழுதானால் புத்தகப்பையுடன் பத்து மாடி ஏற வேண்டும். இருட்டான படிக்கட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பயம். பழைய பாடசாலைக்கு இரண்டு பஸ். கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் இவை எதுவும் தெரிவதில்லை. பத்து வயதுப் பிள்ளையை அழைத்து "உன் ஒரு நாளைச் சொல்லு" என்று கேட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் எல்லாம் வெளிவந்திருக்கும். விளக்கு எந்தப் படியில் வேண்டும் என்பது அந்தப் படியில் இறங்குகிறவருக்குத்தான் தெரியும்.

இப்படிக் கேட்டுச் செய்த இடங்கள் இருக்கின்றன. கர்நாடக மாநிலத்தின் குந்தாப்பூர் பகுதியில், வேலை செய்யும் சிறுவர்கள் 1990 இல் பீம சங்கம் என்ற தம் சொந்தச் சங்கத்தை அமைத்தார்கள். 1995 அளவில் அங்கே சில கிராமங்களில் "மக்கள பஞ்சாயத்து" தோன்றியது. கன்னடத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள். நமது பழந்தமிழிலும் அப்பொருள் உண்டுதானே. பிள்ளைகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் ஊர்ப் பஞ்சாயத்துடன் அமர்ந்து பேசினார்கள். மழைக்காலத்தில் பாடசாலைக்குப் போகும் வழியிலுள்ள ஓடைகளைக் கடக்க நடைபாலம் வேண்டும் என்பது போன்ற, பெரியவர் கண்ணில் படாத தேவைகள் அங்கே முன்னுக்கு வந்தன. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அருட்தந்தை எட்வின் ஜோன் போன்றோரின் முயற்சியால் அயலகச் சிறுவர் பாராளுமன்றங்கள் வளர்ந்தன. முப்பது வீடுகளுக்கு ஒன்று என்ற அளவில் சிறு வட்டம், அதில் பிள்ளைகளின் பிரதமர், கல்வி அமைச்சர், சுகாதார அமைச்சர். பெயரைக் கேட்டால் விளையாட்டுப் போலிருக்கும். குழாய் உடைந்தால் மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போவது அந்தச் சுகாதார அமைச்சர்தான். பிரேசில் நாட்டின் பார்ரா மான்சா நகரில் 1998 முதல் 18 ஆண், 18 பெண் பிள்ளைகள் கொண்ட சபை ஒன்று, நகரசபை வரவு செலவில் ஆண்டுதோறும் சுமார் 125,000 டொலர் பெறுமதியான தொகையை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானித்தது.

இலங்கையிலும் சிறுவர் கழகங்கள் உண்டு. 1990 களில் தொண்டு நிறுவனங்கள் வளர்த்த இவற்றை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் பிரதேச மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் சிறுவர் சபைகளாக இணைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பல இடங்களில் கழகம் என்பது சித்திரப் போட்டியும் சிறுவர் தின விழாவுமாகச் சுருங்கிவிடுகிறது. ரொஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992 இல் யுனிசெவ்வுக்காக எழுதிய நூலில் இதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்பது அவர் கணிப்பு. பிள்ளைகளைப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயரளவுக்கு மேடையேற்றுவது என்பனவே அவை. அமைச்சர் வரும்வரை கொடியும் கையுமாக வெயிலில் நிற்கும் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். பெரியவர் எழுதிக்கொடுத்த பேச்சை மனப்பாடம் செய்து "சிறுவர் குரல்" என்று ஒப்புவிப்பதும் அதே ரகம். லோரா லண்டி என்ற பேராசிரியை 2007 இல் இதையே வேறு விதமாகச் சொன்னார். பேச ஓர் இடம், பேசுவதற்கான துணை, கேட்கும் பொறுப்புள்ள ஒருவரின் செவி, கேட்டதால் ஏதாவது மாறும் வாய்ப்பு ஆகிய நான்கும் வேண்டும். நமது கூட்டங்களில் முதல் இரண்டும் ஓரளவு கிடைத்துவிடுகின்றன. மூன்றாவதில்தான் கதிரை காலியாக இருக்கிறது.

இளைஞர் விடயத்தில் நாடு கொடுத்த விலை பெரிது. தெற்கில் 1987 முதல் 1989 வரை நடந்த கிளர்ச்சிக்குப் பின், 1989 இல் அமைக்கப்பட்ட இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு மறு ஆண்டில் அறிக்கை தந்தது. இளைஞரின் கோபத்துக்கான காரணங்களைத் தேடி வடக்கின் நிலையையும் அது ஆராய்ந்தது. 1990 இல் உள்ளூராட்சித் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, வேட்பாளர் பட்டியல்களில் 40 சதவீதம் 18 முதல் 35 வயதினருக்கு என்றானது. பின்வந்த திருத்தங்கள் அந்த ஏற்பாட்டை மாற்றின. பட்டியலில் பெயர் போடுவது எளிது. முப்பதைத் தாண்டியவர்களையே இளைஞர் என்று கூட்டி வந்து நிறுத்தினால் பதினெட்டு வயதுக்காரருக்கு என்ன கிடைக்கும்?

"சிறுவரைக் கேட்பது நம் பண்பாடல்ல, மேல்நாட்டுச் சரக்கு" என்பாரும் உண்டு. கொட்டாஞ்சேனையில் 1865 முதல் நடக்கும் ஒரு பெரிய கல்லூரி புனித பெனடிக்ற் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆறாம் நூற்றாண்டில் அந்தப் புனிதர் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்குநூலின் மூன்றாம் அதிகாரத்தில், முக்கிய விடயங்களில் எல்லோரையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனெனில் எது சிறந்தது என்பதை இறைவன் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று எழுதிவைத்தார். முடிவெடுக்கும் பொறுப்பை மடாதிபதியிடமே விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமது புராணத்திலும் தகப்பனுக்குப் பொருள் சொன்ன பிள்ளையைச் சுவாமிநாதன் என்று கும்பிடுகிறோம். வீட்டுப் பிள்ளை வாய் திறந்தால்தான் அதிகப்பிரசங்கி!

செய்து பார்க்க விரும்பும் ஊர்ச் சங்கங்களுக்கும் பங்குச் சபைகளுக்கும் சில அனுபவக் குறிப்புகள். கூட்டம் போட்டுப் பிள்ளைகளை வரிசையாக இருத்திக் கேட்டால் ஒன்றும் வராது. அவர்களுடன் நடக்க வேண்டும். ஒரு பெரிய தாளில் ஊரை வரையச் சொல்லி, பிடித்த இடத்துக்கு ஒரு நிறம், பயமான இடத்துக்கு இன்னொரு நிறம் போடச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளையும் பேசும். பெண்பிள்ளைகளைத் தனியே, ஒரு பெண்ணே கேட்பது நல்லது. ஆண்பிள்ளைகள் நடுவில் மலசலகூடத்தைப் பற்றியோ இருட்டு ஒழுங்கையைப் பற்றியோ அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். எப்போதும் கையுயர்த்தும் கெட்டிக்காரப் பிள்ளையைவிட, பாடசாலையை விட்ட பிள்ளையும் ஊனமுற்ற பிள்ளையும் என்ன சொல்கிறார்கள் என்பது முக்கியம். வர விருப்பமில்லாத பிள்ளையை இழுத்து வரக்கூடாது. யாராவது தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொன்னால் அதைக் கூட்டத்தில் விரித்துப் பேசாமல், தனியே கேட்டு உரியவரிடம் சேர்க்க வேண்டும். எதை மாற்ற நமக்குச் சக்தி உண்டு, எதற்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விளையாட்டு மைதானம் தருவோம் என்று ஆசை காட்டிப் பின் கைவிட்டால் அந்தப் பிள்ளைகள் அடுத்த முறை வரமாட்டார்கள், வரவும் கூடாது.

பெரும்பாலான இடங்களில் தவறுவது கடைசிப் படியில்தான். பிள்ளைகள் சொன்னதை எழுதி மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். மூன்று மாதத்தின் பின் "முடியாது" என்று பதில் வந்தாலும், ஏன் முடியாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். பதில் வந்த கையோடு அதே பிள்ளைகளைக் கூட்டி, கடிதத்தை அவர்கள் கையிலேயே கொடுக்கலாம். சிங்களத்தில் வந்திருந்தால் அவர்களே வாசித்து நமக்கு மொழிபெயர்த்தும் தருவார்கள்.